கரண்ட் போனால் பேஸ்மென்ட் மோட்டாருக்கு இன்வெர்ட்டர் போதுமா, தனி மோட்டார் வேணுமா?

ஈரத்தரை | ஜூன் 3, காலை 9.10

பேஸ்மென்டில் ஊறும் தண்ணீர் வந்து சேரும் சம்ப் குழி 45 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம். உள்ளே மூன்றில் ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள். எங்கே கேட்டாலும் பேக்கப்புக்கு 12 வோல்ட்டில் ஓடும் இரண்டாவது மோட்டாரை வை என்கிறார்கள். இருக்கிற மோட்டாரையே இன்வெர்ட்டரில் கோத்துவிட்டால் வேலை முடிந்ததே? குழியில் இடமும் அடைக்காது. இரண்டாவது மோட்டார் வீண் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

கேட்வால்வு | ஜூன் 3, காலை 11.25

மோட்டார் நிற்கக் கரண்ட் கட் ஒரு காரணம், அவ்வளவுதான். தண்ணீர் ஏறினால் மிதந்து மோட்டாரைப் போடும் ஃப்ளோட் சுவிட்ச் சுவரில் சிக்கும். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் கல் மாட்டும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு ஒட்டிக்கொண்டு திறக்காது. வெளியே பைப் அடைக்கும். மோட்டார் நன்றாகவே ஓடும், ஆனால் வரத்து அதைவிட அதிகமாக இருக்கும். இன்வெர்ட்டர் போட்டால் கரண்ட் கட் ஒன்றுக்குத்தான் தீர்வு. மற்ற எல்லாவற்றுக்கும் பழைய நிலைதான்: ஒரே சுவிட்ச், ஒரே இம்பெல்லர், ஒரே வால்வு.

இதில் அதிகம் கெட்டுப்போவது சுவிட்ச். மோட்டாரை மாற்றுகிறவர்களில் பலர் சுவிட்சை மாற்றியிருந்தாலே போதும். கயிற்றில் தொங்கும் ஃப்ளோட் அகலமான குழிக்குச் சரி. 45 செ.மீ. குழியில் அது சுற்றி வந்து பைப்பிலோ வயரிலோ சாய்ந்துவிடும். கம்பியில் நேராக ஏறி இறங்கும் ஃப்ளோட் போடுங்கள். மோட்டார் பிளக் சுவிட்சின் பிளக்கின் மேலேயே சொருகிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. சுவிட்ச் கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். அவசரத்துக்கு மோட்டாரை நேராக பிளக்கில் போட்டு ஓட்டவும் முடியும்.

வயர்மேன் | ஜூன் 3, மாலை 6.40

கணக்கு கேட்டீர்கள். மூன்றில் ஒரு ஹெச்பி என்றால் தண்டில் 250 வாட், கரண்ட் எடுப்பது சுமார் 500 வாட். இன்வெர்ட்டர் 85 சதவீதத் திறன் என்று வைத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 50 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு இழுக்கும், 600 வாட் இன்வெர்ட்டர் அங்கேயே ஓவர்லோடில் படுத்துவிடும். 12 வோல்ட் மோட்டார் எடுப்பது 15 ஆம்பியர்தான். 50 எங்கே, 15 எங்கே?

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை இதற்குத் தொடவே வேண்டாம். மோட்டார் உறுமும், சூடாகும், தெர்மல் கட் ஆகும். ப்யூர் சைன் வேவ் மட்டும்.

கேட்வால்வு | ஜூன் 3, இரவு 9.05

வயர்மேன், நானும் 12 வோல்ட் கட்சிதான். ஆனால் ஆம்பியரை மட்டும் ஒப்பிடுவது சரியில்லை. பெரிய மோட்டார் அதே நேரத்தில் இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ளும். லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு இருக்கிற ஏசி மோட்டார் மணிக்கு 8000 லிட்டர், 12 வோல்ட் டிசி மோட்டார் 4000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு இன்வெர்ட்டர் வழியில் 74 வாட்-அவர், டிசி வழியில் 45. வித்தியாசம் இருக்கிறது, நீங்கள் காட்டிய அளவுக்கு இல்லை.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் தின்னும். 15 வாட் என்றால் ஒரு நாளில் 360 வாட்-அவர். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றாமலே 12 வோல்ட் பேட்டரியில் 30 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) போச்சு.

சும்மாபடிக்கிறவன் | ஜூன் 3, இரவு 9.30

எனக்கு பேஸ்மென்டே கிடையாது. இருந்தும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்வால்வு | ஜூன் 4, காலை 7.50

ஈரத்தரை, எந்தக் கட்சியானாலும் முதலில் வரத்தை அளக்கணும். இது தெரியாமல் பேட்டரி வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது.

நல்ல மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து, மோட்டார் குழியைக் காலி செய்து நின்றதும் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு குச்சியை நேராக நிறுத்தி, ஒரு நிமிடத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பாருங்கள். 45 செ.மீ. வட்டக் குழியில் ஒரு செ.மீ. என்பது 1.6 லிட்டர். 60 செ.மீ. குழி என்றால் 2.8 லிட்டர்.

அளவு முழுவதும், சுற்றிலும் ஊறும் தண்ணீரைக் கொண்டுவரும் டிரெயின் பைப் குழிக்குள் திறக்கும் வாய்க்குக் கீழேயே முடியணும். தண்ணீர் அந்த வாயைத் தொட்டுவிட்டால் பைப்பும் சுற்றியுள்ள ஜல்லியும் சேர்ந்து நிரம்பும், குழியில் ஏற்றம் மெதுவாகும். வரத்து குறைவு என்று ஏமாந்துபோவீர்கள்.

ஈரத்தரை | ஜூன் 9, மாலை 5.15

நிமிடத்துக்கு 8 செ.மீ. வாய்க்குக் கீழேதான் அளந்தேன்.

வயர்மேன் | ஜூன் 9, இரவு 8.20

8 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 12.7 லிட்டர், மணிக்கு சுமார் 760, நாளைக்கு 18,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கேட்வால்வு சொன்ன லிட்டர் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், அது சரிதான்.

இன்வெர்ட்டர் வழி: தண்ணீருக்கு 1350 வாட்-அவர், சும்மா இருப்பதற்கு 360. மொத்தம் 1710, அதாவது 12 வோல்ட்டில் 142 ஏ.எச்.

டிசி வழி: 820 வாட்-அவர், 68 ஏ.எச். மோட்டார் நேரத்தில் 19 சதவீதம்தான் ஓடும்.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அப்படியானால் ஒரு நாள் தாக்குப்பிடிக்க டிசிக்கு 140 ஏ.எச்., இன்வெர்ட்டருக்கு 285 ஏ.எச். பேட்டரியில் எழுதியிருக்கும் ஏ.எச். 20 மணி நேரம் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. 100 ஏ.எச். பேட்டரியிலிருந்து 50 ஆம்பியரைத் தொடர்ந்து இழுத்தால் அதில் பெரிய பங்கு கிடைக்காது. விட்டு விட்டு ஓடினால் இடையில் பேட்டரி கொஞ்சம் மீளும், அதனால் உங்கள் விஷயத்தில் அடி குறைவு.

ஈரத்தரை | ஜூன் 9, இரவு 8.55

சரி, கட்சி மாறலாம் போலத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்சேபம். 12 வோல்ட் மோட்டார் பெட்டியில் 7500 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் ஏன் 4000 போடுகிறீர்கள்?

கேட்வால்வு | ஜூன் 10, காலை 7.30

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பூஜ்ய உயரத்தில், அதாவது பைப்பே இல்லாமல். உள்ளே ஒரு வரைபடமோ அட்டவணையோ இருக்கும். 3 மீட்டருக்கு நேரே இருக்கும் எண்தான் உங்களுக்கு. டிசி மோட்டார்கள் அங்கே பாதியாகிவிடுவது சகஜம். அட்டவணை இல்லாத மோட்டாரை வாங்காதீர்கள்.

உயரம் என்பது குழியின் தண்ணீர் மட்டத்திலிருந்து பைப் தொடும் உச்சி வரை. அதோடு உரசலும் சேரும். ஒன்றரை இஞ்ச் பைப்பில் ஒரு 90 டிகிரி எல்போ ஒரு மீட்டருக்கு மேல் நேர் பைப்பு போட்டதற்குச் சமம். இரண்டு எல்போ, ஒரு செக் வால்வு, 6 மீட்டர் படுக்கை பைப் என்றால் கணக்கில் விடமுடியாது. மோட்டார் வாய் ஒன்றேகால் இஞ்ச் என்றாலும் ரெட்யூசர் போட்டு ஒன்றரைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சின்ன பைப்பில் இரைச்சல் நிறைய, தண்ணீர் கம்மி.

கேட்வால்வு | ஜூன் 10, காலை 8.10

பொருத்துவது பற்றி இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு தனித்தனியாகக் கேட்பீர்கள்.

இரண்டு மோட்டாரும் ஒரே பைப்பில் சேர்வதாக இருந்தால் ஒய் இணைப்புக்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் தனி செக் வால்வு. பொதுவாக ஒன்றே போதும் என்று ஒய்க்கு மேலே வைப்பவர்கள் உண்டு. அப்போது துணை மோட்டார் தள்ளும் தண்ணீர் மெயின் மோட்டார் வழியாகக் குழிக்கே திரும்பும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் குறையாது.

இடம் இருந்தால் தனி பைப்பே நல்லது. பொது பைப் வெளியே அடைத்தாலோ உறைந்தாலோ இரண்டு மோட்டாரும் கைகட்டி நிற்கும்.

செக் வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவே பைப்பில் 3 மி.மீ. துளை. குழி காலியானதும் வால்வுக்குக் கீழே காற்று சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை இம்பெல்லர் அந்தக் காற்றைத்தான் சுற்றும், தண்ணீரைப் பிடிக்காது. துளை அந்தக் காற்றுக்கு வழி. மோட்டார் வாய்க்கு ஒரு கை உயரம் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துத் துளையிடுங்கள், அப்போதுதான் பீய்ச்சும் தண்ணீர் குழிக்குள்ளேயே விழும். நேராகப் போட்டால் மூடியை நனைக்கும். பிசிரைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். சில மோட்டார்களில் இந்தத் துளை உடம்பிலேயே இருக்கும், முதலில் மேனுவலைப் பாருங்கள்.

துளையிலிருந்து தண்ணீர் அடிப்பதைப் பார்த்து "லீக்" என்று எம்சீல் வைத்து அடைப்பது அடிக்கடி நடப்பது. மூடிக்கு உள்பக்கம் மார்க்கரில் "இது லீக் அல்ல" என்று எழுதிவையுங்கள். கேலி இல்லை.

செக் வால்வே இல்லாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 3 மீட்டர் நேர் பைப், 40 மி.மீ. உள்விட்டம், உள்ளே நிற்பது 3.8 லிட்டர். ஒவ்வொரு முறையும் அது திரும்பி விழும். உங்கள் குழியில் 2.4 செ.மீ. ஏறும். ஃப்ளோட் இடைவெளி 15 செ.மீ. என்றால், ஏற்றிய தண்ணீரில் ஆறில் ஒரு பங்கைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

வயர்மேன் | ஜூன் 10, இரவு 7.45

வயரிங். பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், மேடையில். நனைவதைத் தடுக்க வாங்கியதே முதலில் நனையக் கூடாது. குழியிலிருந்து 3 மீட்டரில் பேட்டரி என்றால் போய்வர 6 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பில் 15 ஆம்பியர் போனால் 0.63 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேட்டரி ஏற்கெனவே 12.2-க்கு இறங்கியிருக்கும்போது மோட்டாருக்கு 11.5 போனால் தண்ணீர் அளவு கண்ணுக்குத் தெரியக் குறையும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.26 வோல்ட். வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபியூஸ் பாசிட்டிவ் டெர்மினலை ஒட்டி, மோட்டார் மேனுவல் சொல்லும் ஆம்பியரில். குழிப்பக்கம் வைத்தால் நடுவிலுள்ள வயர் ஷார்ட் ஆகும்போது எரிவது ஃபியூஸ் அல்ல, வயர்தான்.

குழிக்குள் ஜாயின்ட் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஈரத்தரை | ஜூன் 11, காலை 10.00

கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேட்கலாமா?

வயர்மேன் | ஜூன் 11, காலை 10.20

கேட்கலாம். போடக் கூடாது. கார் பேட்டரியின் தகடு மெல்லிசு, சில விநாடி 200 ஆம்பியர் தருவதற்குச் செய்தது. ஆழமாக இறக்கினால் சில தடவையிலேயே போய்விடும். ஆழமாக இறக்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் அல்லது டியூபுலர் வாங்குங்கள்.

வயர்மேன் | ஜூன் 11, இரவு 9.10

காலையில் அவசரத்தில் விட்டது. சார்ஜர்தான் பேட்டரியைக் காப்பதும் கொல்வதும். ஏறும்போது 14.4 வோல்ட் வரை, நிரம்பியபின் 13.5 முதல் 13.8-க்குள் நிற்கும் ஃப்ளோட் சார்ஜர் வேணும். எப்போதும் 14.4-லேயே நிற்கும் மலிவுச் சார்ஜர் டிஸ்டில்டு வாட்டரைக் கொதிக்கவைத்துத் தகட்டை வெளியே காட்டிவிடும். திறந்த பேட்டரி ஹைட்ரஜன் விடும், அடைத்த அலமாரிக்குள் வைக்காதீர்கள். கீசர், பாய்லர் பக்கமும் வேண்டாம். ஏஜிஎம் என்ற மூடிய வகை லெட் ஆசிட் என்றால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, விலை கூட. லித்தியம் அயன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், எடை குறைவு, ஆனால் அதற்கான சார்ஜரே வேணும், பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பழைய லெட் ஆசிட் சார்ஜரோடு கோத்து வைப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வையுங்கள். 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. சார்ஜர் ஓடும்போது வைத்து 13.6 பார்த்துத் திருப்திப்படுவது சார்ஜரைச் சோதிப்பது, பேட்டரியை அல்ல.

கேட்வால்வு | ஜூன் 14, காலை 8.40

ஃப்ளோட் உயரங்கள். உங்கள் 75 செ.மீ. குழிக்கு அடியிலிருந்து: மெயின் நிற்பது 15, மெயின் கிளம்புவது 35, துணை கிளம்புவது 43. டிரெயின் வாய் எங்கே என்று பார்த்து இவை மூன்றும் அதற்குக் கீழே வருமாறு நகர்த்திக்கொள்ளுங்கள். மெயினுக்கும் துணைக்கும் நடுவே 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சாதாரண மழையிலேயே இரண்டும் சேர்ந்து ஓடிப் பேட்டரியைத் தின்னும்.

மோட்டாரை ஜல்லி மேல் உட்காரவைக்காதீர்கள். தட்டையான கான்கிரீட் கட்டை போதும். துணை மோட்டார் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கலாம், வண்டல் அதற்குப் போகாது.

ஈரத்தரை | ஜூன் 14, மாலை 4.30

அலாரம் துணை மோட்டாருக்கு மேலேதானே? இரண்டும் தோற்றால் அடிக்கணும்.

கேட்வால்வு | ஜூன் 14, இரவு 8.15

பெரும்பாலான படங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டும் தோற்றபின் மணி அடித்தால் வாளியோடு ஓட வேண்டியதுதான். துணை மோட்டார் கிளம்பும் அதே மட்டத்தில் ஒன்று அடிக்கட்டும். மெயின் போய்விட்டது, பேட்டரி ஓடுகிறது, கையில் இன்னும் பல மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சை மாற்றவோ ஜெனரேட்டரைக் கொண்டுவரவோ அவகாசம் உண்டு. மேலே இன்னொன்று வேணுமானால் வையுங்கள். இரண்டுமே தன் பேட்டரியில் ஓடணும், மோட்டார் சர்க்யூட்டில் அல்ல.

வயர்மேன் | ஜூன் 14, இரவு 8.50

இதை ஒட்டி ஒன்று. கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரே இணைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத்தரையில் நின்று கைவைக்கும் இடம் அது. ட்ரிப் ஆனால் மோட்டார் கேபிளிலோ சீலிலோ கசிவு இருக்கிறது. மோட்டாருக்குத் தனி சர்க்யூட் கொடுங்கள். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதில் தொங்கக் கூடாது.

சும்மாபடிக்கிறவன் | ஜூன் 15, காலை 6.30

பேட்டரியே இல்லாமல் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் பம்ப் என்று ஒன்று பார்த்தேன். அது எப்படி?

கேட்வால்வு | ஜூன் 15, காலை 9.00

பேஸ்மென்ட் இல்லாதவர் நல்ல கேள்வி கேட்கிறார். குடிநீர்க் குழாயின் வேகத்தில் ஒரு குறுகல் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் அங்கே உறிஞ்சல் உண்டாகும், அது குழித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். பேட்டரி கிடையாது, எத்தனை நாள் கரண்ட் போனாலும் ஓடும். குழாயில் 40 பிஎஸ்ஐ அழுத்தமாவது வேணும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் செலவழித்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் வெளியேறும், மாடலைப் பொறுத்து. குழித் தண்ணீர் குடிநீரில் கலக்காமல் இருக்க பின்னோட்டத் தடுப்பு வால்வு கட்டாயம், அதுவும் சோதித்துப் பார்க்கக்கூடிய வகை. சில ஊர்களில் இந்த பம்புக்கே அனுமதி இல்லை. சொந்தக் கிணறு, போர்வெல் உள்ள வீட்டில் அர்த்தமே இல்லை, கரண்ட் போனால் அந்தத் தண்ணீரும் நிற்கும்.

ஈரத்தரை | ஜூலை 2, மாலை 6.05

பொருத்தியாகிவிட்டது. குழி ஓரத்திலும் பழைய பைப்பிலும் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது. துருவா?

கேட்வால்வு | ஜூலை 2, இரவு 9.20

இரும்பு பாக்டீரியா. மண்ணிலுள்ள கரைந்த இரும்பை உண்டு இந்தச் சளியை விடும். உடம்புக்குப் பெரிய கேடு இல்லை, மோட்டாருக்குக் கேடு. 3 மி.மீ. துளையை அடைக்கும், ஃப்ளோட் கம்பியில் படிந்து ஏறவிடாது, செக் வால்வு மடலை ஒட்டும். அழிந்து ஒழியாது, சுத்தம் செய்துகொண்டே இருக்கணும். மோட்டாரை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேயுங்கள், துளையில் கம்பி விட்டு எடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட் க்ளீனரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், பேஸ்மென்டில் அது போக வழியில்லை.

உங்களுக்கு இது இருப்பதால் சோதனை மாதம் ஒருமுறை. மற்றவர்களுக்கு மூன்று மாதம் போதும். மெயின் பிளக்கைப் பிடுங்கி, வாளி வாளியாக ஊற்றித் துணை மோட்டார் தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்கணும். சார்ஜரையும் பிடுங்கிவிட்டு. டெஸ்ட் பட்டனை அழுத்துவது சோதனை ஆகாது, அது ஃப்ளோட்டைத் தொடுவதே இல்லை. வெளியே போய்ப் பைப் முனையில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்கணும்.

வயர்மேன் | ஜூலை 3, காலை 7.15

வருடம் ஒருமுறை மெயினை அணைத்து, குழாய் ஹோஸை விட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓடும்போதே பேட்டரி டெர்மினலில் மீட்டர். முழுச் சார்ஜ் உள்ள 140 ஏ.எச். பேட்டரி 15 ஆம்பியரில் அரை மணியில் 12-க்குக் கீழே சரிந்தால் அது முடிந்துவிட்டது. லெட் ஆசிட் என்றால் 3 முதல் 5 வருடம். மேலே வாங்கிய தேதியை எழுதிவையுங்கள்.

கேட்வால்வு | ஜூலை 3, காலை 8.30

பைப் முனை பற்றிக் கேட்கவே இல்லையே, ஈரத்தரை? சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விடுகிறீர்கள்?

ஈரத்தரை | ஜூலை 3, காலை 9.45

ஒரு மீட்டர் இருக்கும். பூச்செடிக்குப் போகட்டும் என்று.

கேட்வால்வு | ஜூலை 3, காலை 10.05

செடிக்குப் போய், சுவரோரம் இறங்கி, ஜல்லி வழியாக உங்கள் குழிக்கே திரும்புகிறது. அளந்த 8 செ.மீ.யில் ஒரு பங்கு உங்கள் சொந்தத் தண்ணீர். குறைந்தது 3 மீட்டர் தள்ளி, வீட்டைவிட்டு விலகும் சரிவில் விடுங்கள். சாக்கடை லைனில் கோக்காதீர்கள். பல இடங்களில் சட்டப்படி தப்பு, கனமழையில் அந்த லைனே நிரம்பிப் பின்னால் தள்ளும்.

கூரைத் தண்ணீரும் அப்படித்தான். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை என்றால் 2500 லிட்டர். மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டினால் அதில் நிறையப் பங்கு குழிக்கு வரும். மண் சரிவு முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறங்கணும். இவற்றைச் சரிசெய்துவிட்டு வரத்தைத் திரும்ப அளந்தால் வாங்கிய பேட்டரியே இரண்டு நாள் தாங்கக்கூடும்.

சும்மாபடிக்கிறவன் | ஜூலை 3, மாலை 5.50

எல்லாம் தோற்று, தண்ணீர் இடுப்பளவு நின்றால்?

வயர்மேன் | ஜூலை 3, மாலை 6.30

பிளக் பாயின்ட் முங்கியிருந்தால் இறங்காதீர்கள். மெயின் சுவிட்ச் பேஸ்மென்டிலேயே இருந்தால் மின்வாரியத்தை அழைத்து வெளியே துண்டிக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேட்வால்வு | ஜூலை 3, இரவு 8.00

அதோடு ஒரே மூச்சில் இறைக்கவும் கூடாது. வெளியே மண் ஊறிக் கனத்திருக்கும்போது உள்ளே தண்ணீரைச் சட்டென்று எடுத்தால் சுவரை உள்பக்கமாகத் தள்ளிவிடும். வெளியே தேங்கியது வடிந்தபின் ஆரம்பித்து, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சுவரில் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் இறங்கவில்லை, ஒரு நாள் பொறுத்துத் திரும்ப ஆரம்பிக்கணும்.